விரலுக்கு எழுத்து வேண்டாமா? விசேட கல்வி ஆசிரியையிடம் சில கேள்விகள்

கொட்டாஞ்சேனை, ஒரு தாய்: டீச்சர், மகளுக்கு ஏழு வயது, பார்வை இல்லை. தமிழின் 247 எழுத்தையும் பிரெயிலில் எப்படி மனப்பாடம் செய்வாள்?

அவ்வளவும் தேவையில்லை அம்மா. பிரெயில் விரலால் தடவி வாசிக்கும் புடைத்த புள்ளி எழுத்து. ஒரு கட்டத்தின் ஆறு புள்ளிகளை எப்படி மாற்றி வைத்தாலும் 63 வடிவம்தான் வரும். 'கை'க்குத் தனி வடிவம் கிடையாது. முதலில் க, அடுத்த கட்டத்தில் ஐ. கொம்பு, அரவு, சுழி என்று பார்வையுள்ள பிள்ளைகள் படும் பாடு அவளுக்கு இல்லை. ஊசியால் குத்தி எழுதும்போதுதான் கவனம் வேண்டும். தாளின் பின்பக்கம் குத்துவதால் வலமிருந்து இடமாக எழுத வேண்டும். பேர்க்கின்ஸ் என்ற பிரெயில் தட்டச்சு இயந்திரத்தில் அந்தக் குழப்பம் இல்லை.

வெள்ளவத்தை, ஒரு தந்தை: எல்லாவற்றையும் போன் வாசிக்கிறதே, பிரெயில் எதற்கு?

என்னிடம் படித்த பத்து வயதுப் பையன் கதை முழுவதையும் ஒப்புவிப்பான். எழுதச் சொன்னால் 'அரையில் படுத்தான்' என்பான். அறைக்கும் அரைக்கும் காதில் என்ன வித்தியாசம்? ழ, ள பற்றிக் கேட்கவே வேண்டாம். விரல் தொட்ட எழுத்துத்தான் நிற்கும்.

தெஹிவளை, ஒரு தம்பி: எங்கள் அண்ணா காதால் கேட்டே பட்டம் பெற்றார், டீச்சர்.

எத்தனை வயதில் பார்வை போனது?

தெஹிவளை: 22.

அதுதான் தம்பி! எழுத்து ஏற்கெனவே அவர் மனதில் இருந்தது. பிறவியிலேயே பார்வை இல்லாத பிள்ளைக்கு அது எங்கே இருக்கும்?

தெஹிவளை: சரி, பிரெயில் புத்தகம் எங்கே? ஒரு பாடப்புத்தகம் நாலைந்து பாகமாகிறது, பாதி வருடம் போனபின் கையில் கிடைக்கிறது.

அது நியாயமான கோபம். எனக்கும் இருக்கிறது. நீண்ட பாடங்களைக் கேட்கட்டும். மொழியையும் கணிதத்தையும் விரலால் படிக்கட்டும். இதற்குமேல் நான் இறங்கி வரமாட்டேன்.

வத்தளை, ஓர் ஆசிரியர்: நான் அனுப்பிய குறிப்பை மாணவனின் கணினியில் திரையை வாசித்துக் காட்டும் என்விடிஏ உளறுகிறது. மென்பொருள் பழுதா?

பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தீர்கள், அல்லவா? திரையில் 'அம்மா' தெரியும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. அவனுக்கு 'எம் கே கே எச்' என்று கேட்கும். தமிழ் எழுத்தாகவே பதியும் யூனிகோடில் அனுப்புங்கள். பழைய வினாத்தாள்களையும் மாற்றுங்கள்.

மட்டக்குளி: மகன் புத்தகத்தை மூக்கோடு ஒட்டி வாசிக்கிறான். கண் கெடாதா?

கெடாது, விடுங்கள். நல்ல வெளிச்சமும் பெரிய எழுத்தும் கொடுங்கள். கண் வைத்தியரிடம் ஒருமுறை காட்டுங்கள்.

பம்பலப்பிட்டி: பார்வை திரும்ப மருந்து உண்டா?

நான் ஆசிரியை. கண் வைத்தியரிடம் கேளுங்கள்.

கல்கிசை: கொழும்புப் பக்கம் பார்வையில்லாத பிள்ளைகளுக்குப் பாடசாலை இருக்கிறதா?

பக்கத்து ஊரிலேயே. இரத்மலானைப் பாடசாலை மேரி சாப்மன் 1912இல் தொடங்கியது. மொழிமூலம், விடுதி பற்றி நேரில் போய்க் கேளுங்கள்.

மருதானை: நான் தட்டச்சு செய்த கட்டுரையைப் போன் ஏன் வாசிக்கவில்லை?

பாமினி. முன்பே சொன்னேன்.

கிராண்ட்பாஸ்: பிரெயில் பழசாகிவிட்டதுதானே?

தெஹிவளைத் தம்பியிடம் கேளுங்கள், என் பதில் அவருக்குப் பாடமாகியிருக்கும்.