கவுண்டி அனுப்பும் கடிதங்களில் எதைப் படிப்பது, எதை விடுவது?

கேள்வி: கலிபோர்னியாவில் சன்னிவேலில் போன டிசம்பரில் வீடு வாங்கிக் குடிவந்தோம். அன்றிலிருந்து சாண்டா கிளாரா கவுண்டி பெயரில் கடிதமும் மின்னஞ்சலும் வந்துகொண்டே இருக்கின்றன. வரி, கொசு மருந்து, முதியோர் உணவு, பட்ஜெட் கூட்டம் என்று எல்லாம் கலந்து கட்டி வருகிறது. மாமனார், மாமியார் கிரீன் கார்டில் வந்து எங்களோடு இருக்கிறார்கள். இருவருக்கும் ஆங்கிலம் அவ்வளவாக வராது. இவற்றில் எதைக் கண்டிப்பாகப் படிக்க வேண்டும்? எங்களுக்குப் பொருந்துவது எது? நூலகம், முதியோர் உணவு போன்ற ஒன்றைக் குறைக்கப் போகிறார்கள் என்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

பதில்: கடைசிக் கேள்வியில் நீங்கள் சேர்த்துச் சொன்ன இரண்டும் ஒரே இடத்தில் இல்லை. சன்னிவேல் நூலகம் நகராட்சியுடையது. முதியோர் உணவுத் திட்டத்தை நடத்துவது கவுண்டி. நூலகத்துக்காக கவுண்டி கூட்டத்தில் போய்ப் பேசினால் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார்கள், ஆனால் அவர்கள் கையில் ஒன்றும் இல்லை. அதனால் யார் எதைச் செய்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்குவோம்.

கலிபோர்னியாவில் 58 கவுண்டிகள். சாண்டா கிளாரா கவுண்டிக்குள் சான் ஹோசே, சன்னிவேல், குபெர்டினோ, மில்பிடாஸ் என்று 15 நகரங்கள் இருக்கின்றன. பரப்பில் நம் ஊர் மாவட்டம் மாதிரிதான். ஆனால் மேலே கலெக்டர் கிடையாது. மக்கள் தேர்ந்தெடுத்த ஐந்து சூப்பர்வைசர்கள் சேர்ந்த வாரியம்தான் தலைமை. வீட்டுக்கு வரி மதிப்பிடுவது, பிறப்பு, திருமணப் பதிவு, தேர்தல் நடத்துவது, பொது மருத்துவமனைகள், மெடி-கால் (வருமானம் குறைந்தோருக்கான மருத்துவக் காப்பீடு) போன்ற உதவித் திட்டங்கள், உணவக ஆய்வு, கொசு ஒழிப்பு, பெரிய பூங்காக்கள், சிறை எல்லாம் கவுண்டி. குப்பை, தெருவிளக்கு, உள்ளூர்ப் பூங்கா, நூலகம் ஆகியவை நகராட்சி. சன்னிவேலில் போலீசும் தீயணைப்பும்கூட நகராட்சியின் ஒரே துறை. பக்கத்துக் குபெர்டினோவில் போலீஸ் வேலையைப் பார்ப்பது கவுண்டி ஷெரிப், அந்த ஊர் நூலகமும் கவுண்டி நூலக அமைப்பைச் சேர்ந்தது. ஒரு தெரு தாண்டினால் ஆள் மாறிவிடும். பள்ளி மாவட்டமும், பேருந்து ஓட்டும் வி.டி.ஏ.வும் இரண்டிலும் சேராத தனி அமைப்புகள். ஆகவே எந்தக் கடிதம் வந்தாலும் முதலில் எந்த அலுவலகம் அனுப்பியது என்று பாருங்கள். அடுத்து, உள்ளே ஒரு கடைசித் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். தேதி இருந்தால் அது உங்களிடம் எதையோ கேட்கிறது. தேதி இல்லாதது பெரும்பாலும் வெறும் செய்தி, ஓய்வாகப் படித்துக்கொள்ளலாம்.

தேதி உள்ளவற்றில் முதலிடம் சொத்து வரிக்கு. நீங்கள் புதிதாக வீடு வாங்கியவர் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வழக்கமான பில் வருடத்துக்கு ஒன்று, இலையுதிர் காலத்தில் வரும். இரண்டு தவணை. முதல் தவணை நவம்பர் 1 முதல், டிசம்பர் 10க்குள். இரண்டாவது பிப்ரவரி 1 முதல், ஏப்ரல் 10க்குள். தவறினால் 10 சதவீத அபராதம். வீட்டுக் கடன் கொடுத்த நிறுவனம் மாதத் தவணையோடு வரிப் பணத்தையும் பிடித்துக்கொண்டால் இதை அவர்களே கட்டிவிடுவார்கள். 'அப்போ நமக்குக் கவலை இல்லை' என்று இங்கேதான் பலர் இருந்துவிடுகிறார்கள்.

வீடு கை மாறும்போது சப்ளிமென்டல் பில் என்று தனியாக ஒன்று வரும். 1978இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 13ஆம் எண் முன்மொழிவு (ப்ரொபசிஷன் 13) என்ற சட்டத்தின்படி, ஒருவர் வீட்டை வைத்திருக்கும் வரை அதன் வரி மதிப்பு ஆண்டுக்கு அதிகபட்சம் 2 சதவீதம்தான் ஏறலாம். விற்றதும் புதிய விலைக்கு ஏறிவிடும். பழைய உரிமையாளரின் மதிப்பு 4 லட்சம் டாலர், நீங்கள் வாங்கியது 16 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 12 லட்சம். அடிப்படை வரி 1 சதவீதம். வாக்காளர்கள் ஒப்புக்கொண்ட கடன் பத்திரங்களுக்கான தொகையையும் சேர்த்து, கணக்குக்காக 1.2 சதவீதம் என்று எடுத்தால் முழு ஆண்டுக்கு 14,400 டாலர். வரி ஆண்டு ஜூலை முதல் ஜூன் வரை. டிசம்பரில் வாங்கினால் அதில் பாதி ஆண்டு மிச்சம். ஆக 7,200 டாலருக்கு ஒரு பில். வீடு வாங்கிப் பல மாதம் கழித்துத்தான் அது வந்து சேரும், கட்ட வேண்டிய தேதியும் வழக்கமான தேதி அல்ல, அந்த பில்லிலேயே போட்டிருப்பதுதான். முக்கியமாக, கடன் நிறுவனங்கள் பொதுவாக இதைக் கட்டுவதில்லை. பில் உங்கள் பெயருக்குத்தான் வரும், நீங்கள்தான் கட்ட வேண்டும். இதுவரை வரவில்லை என்றால் கவுண்டி வரி வசூல் அலுவலகத்தின் இணையதளத்தில் உங்கள் முகவரியைப் போட்டுத் தேடிப் பாருங்கள். இப்போதே பணத்தை ஒதுக்கி வைத்துவிடுங்கள். மதிப்பு தவறு என்று தோன்றினால், சப்ளிமென்டல் மதிப்பீட்டு அறிவிப்பு அனுப்பிய தேதியிலிருந்து 60 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். வழக்கமான ஆண்டு மதிப்பீட்டுக்கு இந்தக் கவுண்டியில் மேல்முறையீட்டுக் காலம் ஜூலை 2 முதல் செப்டம்பர் 15 வரை.

கூடவே ஹோம்ஓனர்ஸ் எக்சம்ப்ஷன் என்று ஒரு சிறு சலுகை. குடியிருக்கும் வீடாக இருந்தால் வரி மதிப்பில் 7,000 டாலர் கழிப்பார்கள், வருடம் 70 டாலருக்கு மேல் மிச்சம். முழுச் சலுகைக்கு பிப்ரவரி 15க்குள் படிவம் கொடுக்க வேண்டும். ஒரு முறை கொடுத்தால் போதும், அந்த வீட்டில் இருக்கும் வரை தொடரும். இதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது. அரசாங்க முத்திரை மாதிரி ஒன்றைப் போட்டு, 'உங்கள் பத்திர நகல் வாங்கித் தருகிறோம்', 'சலுகைக்குப் பதிந்து தருகிறோம்' என்று பணம் கேட்டுத் தனியார் கடிதங்கள் புது வீட்டுக்காரர்களுக்கு வரும். அவற்றைக் கிழித்துப் போடலாம்.

அடுத்து உங்கள் மாமனார், மாமியார்.

முதியோர் உணவுத் திட்டம் அவர்களுக்குக் கண்டிப்பாகப் பொருந்தும். 1965இல் வந்த முதியோர் நலச் சட்டத்தின் கீழ் நாடு முழுக்க நடப்பது இது. 60 வயது ஆகியிருந்தால் போதும், வருமானச் சான்று கேட்பதில்லை. கணவனோ மனைவியோ ஒருவருக்கு 60 ஆகியிருந்தால் கூட வரும் மற்றவரும் சாப்பிடலாம். ஒரு சிறு தொகையை நன்கொடையாகப் போடச் சொல்வார்கள், முடியாவிட்டாலும் சாப்பாடு உண்டு. இது தர்மச் சோறு அல்ல என்பதைப் பெரியவர்களிடம் அழுத்திச் சொல்லுங்கள். மகனும் மருமகளும் வேலைக்குப் போன பிறகு நாள் முழுக்க நாலு சுவருக்குள் இருப்பவர்களுக்கு, மதியம் ஒரு மணி நேரம் நம் ஊர்க்காரர்கள் நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிடுவது மருந்துக்குச் சமம். இந்தக் கவுண்டியில் இந்திய சைவ உணவு பரிமாறும் மையங்களும் உண்டு. அழைக்கும்போது அதையே கேளுங்கள்.

முதியோருக்கான எல்லாச் சேவைகளுக்கும் வழிகாட்ட சோர்ஸ்வைஸ் என்ற அமைப்பு இருக்கிறது. மூத்தோருக்கான மத்திய அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் பற்றிய குழப்பங்களுக்கு இலவச ஆலோசகர்களும் அங்கே உண்டு. கிரீன் கார்டு வாங்கி, தொடர்ந்து ஐந்து ஆண்டு இங்கே வாழ்ந்து, 65 வயதும் ஆனவர்கள் இங்கே வேலை செய்திருக்காவிட்டாலும் பிரீமியம் கட்டி மெடிகேரில் சேரலாம். பலருக்கு இது தெரிவதே இல்லை.

மெடி-கால், உணவுப் பொருள் வாங்க உதவும் கால்ஃப்ரெஷ், வீட்டிலேயே பராமரிப்பாளர் வைக்க உதவும் திட்டம் ஆகியவை வேறு வகை. இவை வருமானம் பார்த்துக் கொடுப்பவை. விதிகள் அடிக்கடி மாறுகின்றன, அதனால் போன வருடம் நண்பர் வீட்டில் கிடைத்ததை வைத்து முடிவு செய்ய வேண்டாம். அதோடு, பெற்றோரை வரவழைக்கும்போது உங்கள் கணவர் ஐ-864 படிவத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார். அவர்களைப் பார்த்துக்கொள்வேன் என்று அரசாங்கத்துக்குக் கொடுத்த ஒப்பந்தம் அது. சில உதவிகளைப் பெற்றால் அந்தச் செலவைக் கையெழுத்துப் போட்டவரிடம் கேட்கச் சட்டத்தில் இடம் உண்டு. விண்ணப்பிக்கும் முன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடமோ இலவசச் சட்ட உதவி மையத்திலோ கேட்டுவிடுங்கள். நூலகம், பூங்கா, அவசர எச்சரிக்கை போன்றவற்றுக்கு இந்தத் தயக்கம் எதுவும் தேவையில்லை.

மொழியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கவுண்டி மருத்துவமனையோ உதவி அலுவலகமோ, மத்திய அரசுப் பணம் வாங்கும் இடம் என்றால் ஆங்கிலம் தெரியாதவருக்கு மொழிபெயர்ப்பாளர் தர வேண்டியது அவர்கள் கடமை. 1964 சிவில் உரிமைகள் சட்டத்திலிருந்து வரும் உரிமை இது. கட்டணம் கிடையாது. 'தமிழ் இன்டர்பிரெட்டர்' என்ற இரண்டு வார்த்தையை மாமனாருக்குச் சொல்லிக் கொடுத்தால் போதும், போனில் ஒருவரை இணைப்பார்கள். பேரன் பேத்தியை வைத்து டாக்டரிடம் பேச வைக்காதீர்கள். மருத்துவமனைகள் அவசர நேரம் தவிரச் சிறுவர்களை மொழிபெயர்க்கப் பயன்படுத்தக் கூடாது என்றே விதி இருக்கிறது. தாத்தாவின் நோய் விவரத்தைப் பத்து வயதுப் பிள்ளை வாயால் சொல்ல வைப்பது அந்தப் பிள்ளைக்கும் பாரம், சொல்வது சரியாக இருக்கும் என்ற உறுதியும் இல்லை.

சின்ன விஷயங்களைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். அலர்ட்-எஸ்.சி.சி. என்ற எச்சரிக்கைச் சேவையில் உங்கள் செல்பேசி எண்களை நீங்களே பதிய வேண்டும். காட்டுத்தீ, வெளியேற்றம் போன்றவற்றுக்கு அதில் செய்தி வரும். பகலில் வீட்டில் இருப்பது பெரியவர்கள், எனவே அவர்கள் எண்ணையும் சேருங்கள். கொசு மருந்து அறிவிப்பு வந்தால், பெரும்பாலும் வெஸ்ட் நைல் வைரஸ் உள்ள கொசு அந்தப் பகுதியில் பிடிபட்டிருக்கிறது என்று அர்த்தம். இரவில் வண்டியில் வந்து அடிப்பார்கள், அந்த நேரம் சன்னலை மூடி உள்ளே இருந்தால் போதும். தோட்டத்தில் தொட்டி இருந்தால் கொசுப்புழு தின்னும் மீனை இலவசமாகவே தருவார்கள். பழைய பெயின்ட், பேட்டரி, பூச்சி மருந்தைக் குப்பையில் போடாதீர்கள். கவுண்டியின் அபாயக் கழிவுத் திட்டத்தில் நேரம் பதிந்து கொண்டுபோய்க் கொடுக்கலாம். எந்த உதவிக்கு யாரைக் கேட்பது என்றே தெரியாவிட்டால் 211ஐ அழையுங்கள்.

இனி, ஒன்றைக் குறைக்கப் போகிறார்கள் என்றால் எங்கே சொல்வது என்பது. எல்லோரும் செய்திமடலைப் படிக்கிறார்கள். செய்திமடலில் வருவது பெரும்பாலும் முடிவான சமாச்சாரம். முடிவாகும் முன்பு தெரிய வேண்டுமென்றால் படிக்க வேண்டியது கூட்டத்தின் அஜெண்டாவை. 1953இல் வந்த பிரவுன் சட்டப்படி, வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே அஜெண்டாவை வெளியிட வேண்டும், அதில் இல்லாத விஷயத்தில் பொதுவாக முடிவெடுக்கக் கூடாது, பொதுமக்களைப் பேசவும் விட வேண்டும். சூப்பர்வைசர்கள் பெரும்பாலும் செவ்வாய்க்கிழமைகளில் சான் ஹோசேயில் ஹெடிங் தெருவில் உள்ள கவுண்டி அலுவலகத்தில் கூடுகிறார்கள். அஜெண்டாவை மின்னஞ்சலில் வரவழைக்க கவுண்டி தளத்தில் பதிந்துகொள்ளுங்கள். நூற்றுக்கணக்கான பக்கம் இருந்தாலும் பயப்பட வேண்டாம். 'சீனியர்', 'நியூட்ரிஷன்' என்று உங்களுக்கு வேண்டிய சொல்லைப் போட்டுத் தேடினால் போதும். விவாதமே இல்லாமல் ஒரே வாக்கில் மொத்தமாக நிறைவேறும் கன்சென்ட் காலண்டர் பகுதியை மட்டும் விட்டுவிடாதீர்கள், பல ஒப்பந்தங்கள் அதற்குள் இருக்கும்.

பணம் பிரிக்கப்படுவது கோடையில். பட்ஜெட் வரைவு மே மாதம் வரும், ஜூனில் வாக்கெடுப்பு, ஜூலை 1 முதல் புது ஆண்டு. இப்போது இதைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும். கவுண்டியின் பட்ஜெட் ஆண்டுக்கு 1,000 கோடி டாலருக்கு மேல், அதில் பெரும் பங்கு மருத்துவமனைகளுக்குப் போகிறது. 2019இல் இரண்டு, 2025இல் ஒன்று என்று மூடப்படும் நிலையிலோ நெருக்கடியிலோ இருந்த மருத்துவமனைகளைக் கவுண்டி வாங்கி நடத்துகிறது. மெடி-காலுக்குத் தரும் மெடிகெய்ட் பணத்தை மத்திய அரசு குறைத்ததால், 2025 நவம்பரில் வாக்காளர்கள் ஐந்து ஆண்டுக்கு 0.625 சதவீத விற்பனை வரியை ஏற்றுக்கொண்டார்கள். அது முழுப் பள்ளத்தையும் மூடாது. சிறு திட்டங்களில் கை வைக்கப்படுவது இப்படிப்பட்ட ஆண்டுகளில்தான்.

பேசப் போனால் ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோதான் கிடைக்கும். அஜெண்டாவில் உள்ள எண்ணைச் சொல்லி, எந்த ஊர் என்று சொல்லி, அந்தச் சேவை உங்கள் வீட்டில் யாருக்கு எப்படிப் பயன்படுகிறது என்பதை மட்டும் சொல்லுங்கள். குடியுரிமை இல்லாதவரும் பேசலாம், பெயர் சொல்ல வேண்டிய கட்டாயம்கூட இல்லை. உங்கள் மாமனாரே தமிழில் பேசலாம். மொழிபெயர்ப்பாளரோடு பேசுபவருக்கு, உடனுக்குடன் மொழிபெயர்க்கும் கருவி அங்கே இல்லாத பட்சத்தில், குறைந்தது இரண்டு மடங்கு நேரம் தர வேண்டும் என்பது கலிபோர்னியா சட்டம். நேரில் போக முடியாவிட்டால் வாரிய எழுத்தர் அலுவலகத்துக்குக் கூட்டத்துக்கு முன்பே மின்னஞ்சல் அனுப்புங்கள், உங்கள் தொகுதி சூப்பர்வைசர் அலுவலகத்துக்கும் ஒரு நகல். ஏற்கெனவே எடுத்த முடிவின் ஆவணம் வேண்டுமென்றால் பொது ஆவணச் சட்டத்தில் எழுதிக் கேட்கலாம். தருவார்களா மாட்டார்களா என்று பொதுவாக 10 நாளில் சொல்லியாக வேண்டும்.

நூலகத்துக்கு இதே வேலையை சன்னிவேல் நகர மன்றத்தில் செய்ய வேண்டும். அவர்களுக்கும் பிரவுன் சட்டம் பொருந்தும், அவர்களும் ஜூனில்தான் பட்ஜெட்டை நிறைவேற்றுகிறார்கள். இரண்டு அஜெண்டாவுக்கும் ஏப்ரலுக்குள் பதிந்துவைத்துக்கொள்ளுங்கள்.