டாக்டர் பதில்கள்: அப்பாவின் அட்டையில் ‘குணமானவர்’ என்று ஏன் இல்லை?

கேள்வி: என் அப்பா தங்கவயல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இருபது வருடம் அண்டர்கிரவுண்டு வேலை பார்த்தவர். 2001-ல் சுரங்கத்தை மூடியதும் எங்களோடு பெங்களூருக்கு வந்துவிட்டார். ஆறு மாத டிபி மருந்து போன மாதம் முடிந்தது. அட்டையில் ‘சிகிச்சை முடித்தவர்’ என்று எழுதியிருக்கிறார்கள். அடுத்த தெருக்காரருக்கு ‘குணமானவர்’ என்று இருக்கிறது. “அப்போ எனக்கு இன்னும் போகலையா?” என்று அப்பா சரியாகச் சாப்பிடுவதே இல்லை.
- ஒரு வாசகி, அல்சூர்

பதில்: முதலில் அப்பாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். இரண்டு வார்த்தையுமே வெற்றிக் கணக்கில்தான் வரும். தொடக்கத்தில் சளியில் கிருமி உறுதியாகி, முடிவில் சளி சோதித்து ‘கிருமி இல்லை’ என்று வந்தால் ‘குணமானவர்’. மருந்தை முழுதாகச் சாப்பிட்டு, நோய் தேறாததற்கு அறிகுறியும் இல்லாமல், அந்தக் கடைசிச் சோதனை மட்டும் விட்டுப்போயிருந்தால் ‘சிகிச்சை முடித்தவர்’.

ஏன் விட்டுப்போகிறது? ஆறாம் மாதத்தில் இருமல் நின்றிருக்கும். டப்பாவைக் கொடுத்தால் பெரியவர் வெறும் எச்சிலைத் துப்பித் தருவார். காலையில் எழுந்ததும் வாய் கொப்பளித்து, மூன்று முறை ஆழமாக மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து இருமித் துப்பச் சொல்லுங்கள். இப்போதும் சோதிக்கலாம்.

என் கவலை வேறு. பாறைத்தூளைச் சுவாசித்த நுரையீரலில் சிலிகோசிஸ், அதாவது அந்தத் தூள் படிந்து நுரையீரல் தழும்பாகும் நோய், இருக்கலாம். அது இருந்தால் டிபி திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். ஹாங்காங்கில் இப்படிப்பட்டவர்களிடம் நடந்த ஆய்வில் நம் சென்னை காசநோய் ஆராய்ச்சி மையமும் பங்கெடுத்தது. 1991-ல் வெளியான முடிவு இது: 6 மாதம் மருந்து சாப்பிட்டவர்களில் 22 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது, 8 மாதம் சாப்பிட்டவர்களில் 7 சதவீதம் பேருக்குத்தான். சுரங்க வேலை பார்த்ததை டாக்டரிடம் சொன்னீர்களா? சொல்லாவிட்டால் இந்த வாரமே போய்ச் சொல்லி, மருந்தை நீட்டிக்க வேண்டுமா என்று கேளுங்கள். நீங்களாக மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள்.

இந்த வார்த்தைகளின் கனம் எனக்குத் தெரியும். பல வருடங்களுக்கு முன் ஒரு சுரங்கத் தொழிலாளி இரண்டு மாதம் வரவில்லை. அட்டையில் ‘டிஃபால்டர்’, அதாவது மருந்தைப் பாதியில் விட்டவர், என்று எழுதினேன். பிறகு பார்த்தால் அவர் மகள் வீட்டோடு போய், பங்காருப்பேட்டையில் ஒருநாள் விடாமல் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டிருந்தார். அந்தச் சொல்லை உலக சுகாதார நிறுவனம் 2013-ல் எடுத்துவிட்டது. இப்போது ‘தொடர்பு விட்டுப்போனவர்’ என்கிறார்கள். வேறு ஊருக்கு மாறி, முடிவு தெரியாமல் போனவர் ‘மதிப்பிடப்படாதவர்’. பழி போடாத சொற்கள், எனக்கு நிம்மதி.

இரண்டு வருடத்துக்கு ஆறு மாதத்துக்கொரு முறை காட்டிவிடுங்கள். இப்போதே ஒரு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து, உறையில் தேதி எழுதி பத்திரப்படுத்துங்கள். சிலிகோசிஸ் நிழல் மருந்தால் மறையாது. பழைய படம் கையில் இல்லாவிட்டால், நாளை வேறு டாக்டர் அந்த நிழலைப் பார்த்து புது டிபி என்று நினைக்கலாம். புது டிபியையே பழைய தழும்பு என்று விட்டுவிடவும் கூடும்.