பார்சல் கட்ட முன்னரே சொல்லிவிடுங்கள்

கேள்வி: கிழமைக்கு இரண்டு தரம் நாலு பேருக்குக் கொத்து ரொட்டி வாங்குகிறோம். சாப்பிட்டு முடிய ஒரு வாளி குப்பை. போன கிழமை வீட்டிலிருந்து பெட்டி கொண்டுபோனேன். கடையில் வழமைபோல லஞ்ச் சீற்றில் (மெல்லிய பொலித்தீன் தாளில்) சுற்றி, அந்தப் பொதியைப் பெட்டிக்குள் வைத்துத் தந்தார்கள்! என்ன செய்யலாம்?
— வாசகி, உவர்மலை

பதில்: பெட்டியை நீட்டிய நேரம் பிந்திவிட்டது. 'பார்சல்' என்று காதில் விழுந்ததுமே கோப்பையின் (சாப்பாட்டுத் தட்டின்) மேல் சீற்றை விரித்துவிடுவார்கள். கொத்து அதன் மேல் விழுந்து எண்ணெய் பட்டபின் அந்தச் சீற் குப்பைதான். காசு வாங்குபவரிடம் மட்டும் சொன்னால் அது உள்ளே போய்ச் சேராது. கல்லில் கொத்துபவரிடமே மூடி கழற்றிய பெட்டியைக் கொடுத்து, "அண்ணா, சீற் வேண்டாம், கோப்பையால அளந்து இதுக்குள்ளயே போடுங்க" என்று சொல்லுங்கள். அளவு குறையுமோ என்ற சந்தேகம் இரண்டு பக்கமும் வராது. தொலைபேசியில் சொல்லி எடுப்பதென்றால் இந்த வழி சரிவராது. நீங்கள் போகும்போது பொதி கட்டி முடிந்திருக்கும்.

முழுக் கொத்து ஒன்றுக்கு ஒன்றரை லீற்றர் கொள்ளும், வாய் அகன்ற எவர்சில்வர் பெட்டி வேண்டும். சின்னப் பெட்டியில் அமுக்கினால் ரொட்டி களியாகிவிடும். சுடச்சுட இறுக்கி மூடுவதும் பிழை. பார்சலில் ஆவியைப் பேப்பர் உறிஞ்சும். எவர்சில்வரில் அது மூடியில் நீராகித் திரும்பக் கொத்தில் சொட்டும். ஐந்து நிமிடம் மூடியைச் சரித்து வையுங்கள். அவசரமென்றால் மூடிக்குக் கீழே மடித்த பருத்தித் துணி ஒன்றை வைத்து மூடுங்கள்.

குழம்புக்கு ரப்பர் வளையம் உள்ள தனிப் பெட்டி. முக்கால் பங்குக்கு மேல் ஊற்ற விடவேண்டாம். ஆறியதும் மூடி இறுகித் திறக்க மறுத்தால், உள்ளே ஆவி ஒடுங்கி மூடியை இழுத்துப் பிடிக்கிறது என்று அர்த்தம். மூடியின் மேல் அரை நிமிடம் சுடுதண்ணீர் ஊற்றினால் விட்டுவிடும்.

இன்னொன்று. மரக்கறிக்கென ஒரு பெட்டியை வேறாக வையுங்கள். பன்றியிறைச்சி வைத்த பெட்டியை முஸ்லிம் கடைகளுக்குக் கொண்டுபோகவே வேண்டாம். அவர்களுடைய கரண்டி அந்தப் பெட்டியில் படும்.

கேள்வி: வீட்டில் சோற்றுப் பார்சல் கட்டி விற்கிறேன். லஞ்ச் சீற்றை விட்டு வாழையிலைக்கு மாறினேன். மடிக்கும்போதே வெடித்துக் குழம்பு ஒழுகுகிறது.
— வாசகி, அன்புவழிபுரம்

பதில்: வாட்டாத இலை மடிப்பில் வெடிக்கத்தான் செய்யும். முதலில் இலையின் பின்பக்கத்து நடுத்தண்டைக் கத்தியால் இலை மட்டத்துக்குச் சீவுங்கள். பிறகு மெல்லிய நெருப்பின் மேல் இலையை நகர்த்திக்கொண்டே பிடியுங்கள். வெளிர்பச்சை கரும்பச்சையாகிப் பளபளக்கும். அந்தப் பளபளப்பு ஓடி முடிந்த இடம் துணிபோல் மடியும். ஒரே இடத்தில் பிடித்து வைத்தால் மஞ்சளித்துக் காய்ந்து மறுபடி வெடிக்கும்.

இலை கிழிவது நரம்பு ஓடும் பக்கமாகத்தான். அதனால் 40 சென்றிமீற்றர் நீளத் துண்டு ஒன்றை விரித்து, அதன் மேல் சற்றுச் சிறிய துண்டை நரம்புகள் குறுக்காக வரும்படி வையுங்கள். சோறு அடியில், குழம்புக் கறி சோற்றின் நடுவில், வறையும் சம்பலும் ஓரத்தில். மடிப்பு வரும் இடத்தில் குழம்பு படக்கூடாது. வெளியே பழுப்புத் தாள், பருத்தி நூல் போதும். பழைய பத்திரிகைத் தாளின் மை சோற்றில் படவே கூடாது.

கச்சான் காற்று (தென்மேற்குப் பருவக்காற்று) வீசும் மாதங்களில் திறந்த தோட்டத்து இலைகள் மரத்திலேயே கிழிந்து நாராகிவிடும். மதிலோரம், வீட்டு மறைவில் நிற்கும் மரத்து இலையைக் கேட்டு வாங்குங்கள். வெட்டிய இலை ஈரத்துணியில் சுற்றி வைத்தால் அடுத்த நாளுக்கும் தாங்கும்.

கேள்வி: பின்னேரங்களில் திருகோணமலை டச்சு வளைகுடாக் கடற்கரையில் இருந்து சாப்பிடுகிறோம். பார்சல் சீற்றைத் தொட்டியில்தானே போடுகிறோம்? இதில் என்ன பிழை?
— வாசகர், பாலையூற்று

பதில்: மூடியில்லாத தொட்டியில் போட்டது அங்கேயே இருக்காது. காகமும் நாயும் இழுக்கும். பிரட்றிக் கோட்டைப் பக்கத்து மான்களும் வரும். சீற்றில் ஒட்டிய உப்பும் எண்ணெயும் மானுக்குப் பிடிக்கும்; நக்க வந்தது சீற்றையும் சேர்த்தே விழுங்குகிறது. அசைபோடும் விலங்கின் வயிற்றில் பொலித்தீன் செமிக்காது, வெளியேறவும் வழியில்லாமல் திரளும். வயிறு நிறைந்தபடியே அந்த மான் பட்டினியில் மெலிந்து சாகும். கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் நாம் ஆசையாகப் பார்த்து நிற்கிற அதே மான்கள்தான்.

காற்றையும் கணக்கில் எடுங்கள். கச்சான் நிலத்திலிருந்து கடலுக்கு வீசுகிறது. உப்புவெளி, நிலாவெளிக் கரைகளில் ஆட்கள் கூடும் காலமும் அதுதான். கையை விட்ட மெல்லிய சீற் நேரே தண்ணீருக்குப் போகும்.

முடிந்தால் கடையில் இருந்தே சாப்பிடுங்கள். அங்கும் கோப்பையின் மேல் சீற் விரித்துத்தான் தருவார்கள், "கழுவின கோப்பையில தாங்க" என்று முதலிலேயே கேளுங்கள். கரைக்குக் கொண்டுபோனால், எண்ணெய்ப் பக்கம் உள்ளே வர மடித்து, முடிச்சுப் போட்டு, மூடியுள்ள பெட்டியில் வீட்டுக்கே கொண்டு வாருங்கள். எரிக்க வேண்டாம். அரைகுறையாக உருகிய பொலித்தீன் மணலில் கறுப்புக் கட்டியாகக் கிடக்கும், புகை உங்கள் பிள்ளைகளின் நெஞ்சுக்குள் போகும்.

கேள்வி: 'உக்கும்' என்று போட்ட சீற்றும் கடதாசிக் கோப்பையும் வாங்கலாமா?
— வாசகர், கிண்ணியா

பதில்: இந்த வகைச் சீற்றுகளில் பல, 60 பாகை அளவு சூடு நாட்கணக்கில் நிற்கும் பெரிய உரக்குவியலில்தான் உக்கும். வளவுக் குழியில் அந்தச் சூடு வராது, கடலில் சொல்லவே வேண்டாம். கடதாசிக் கோப்பையின் ஓரத்தைக் கிழித்துப் பாருங்கள். உள்பக்கத்தில் மெல்லிய தோல் இழுபட்டு வந்தால் அது பொலித்தீன் பூச்சு. அதை உரக் குழியில் போட வேண்டாம்.

கேள்வி: பார்சல் கொண்டுபோகும் பொலித்தீன் பைக்கும் இப்போது காசு எடுக்கிறார்களே?
— வாசகி, சாம்பல்தீவு

பதில்: இலங்கையில் 2025 நவம்பர் 1 முதல் கைபிடியுள்ள பொலித்தீன் பையைச் சும்மா கொடுக்கக் கூடாது. அதன் விலையைப் பற்றுச்சீட்டில் காட்டவும் வேண்டும். லஞ்ச் சீற், றெஜிபோம் (நுரைப் பிளாஸ்டிக்) பெட்டித் தடை 2017 செப்டெம்பர் 1இலும், பிளாஸ்டிக் ஸ்ட்ரோ, கரண்டி, கோப்பைத் தடை 2023 ஒக்டோபர் 1இலும் வந்தவை. ஆகவே இவற்றை வேண்டாம் என்று சொல்ல வெட்கப்பட ஒன்றுமில்லை. துணிப்பை தைப்பதானால் அடிப்பக்கத்தைப் பெட்டியின் அகலத்துக்குத் தட்டையாகத் தையுங்கள், உள்ளே கெட்டியான மட்டை ஒன்று போடுங்கள். அடி கூரான பையில் குழம்புப் பெட்டி சரிந்துதான் ஒழுகுகிறது.