தலையாட்டும் திறன்

அன்புள்ள ஐயா,

திருவண்ணாமலைப் பக்கம் ஓர் அரசுக் கல்லூரியில் பி.எஸ்ஸி. கடைசி வருடம் படிக்கிறேன். கேம்பஸ் இன்டர்வியூவில் குரூப் டிஸ்கஷனிலேயே அனுப்பிவிட்டார்கள். என்னை ‘சம்மரைஸ்’ பண்ணச் சொன்னார்கள், என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். சாஃப்ட் ஸ்கில் இல்லையாம். ஒரு பயிற்சி மையத்தில் 18,000 ரூபாய் கேட்கிறார்கள். டை கட்டுவது, கைகுலுக்குவது எல்லாம் சொல்லித்தருவார்களாம். சேரலாமா?

க.

அன்புள்ள க.,

டை, கைகுலுக்கலை எல்லாம் விடுங்கள், யூடியூபில் பத்து நிமிட வேலை. என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த ‘சம்மரைஸ்’தான். போன வாரம் அலமாரியைக் குடைந்தபோது பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்று கிடைத்தது, அதிலிருந்து இதே நினைப்புதான்.

டிகிரி முடித்ததும் ஓர் அச்சகத்தில் சேர்ந்தேன். பிளேட் மாட்டுவது, மை விடுவது எல்லாம் மூன்று மாதத்தில் கைக்கு வந்துவிட்டது. ஒருநாள் முதலாளி பைக்கை ஆஃப் பண்ணாமலே வாசலிலிருந்து கத்தினார், “தம்பி, அந்தப் பொண்ணு வீட்டுல நேரத்தை மாத்திட்டாங்க, ஆறு டு ஏழரைன்னு போட்டுரு.” எந்தப் பொண்ணு வீடு? மேசையில் இரண்டு கல்யாணம் கிடந்தது. “சரிங்கண்ணா” என்று தலையாட்டினேன். ஆயிரம் பத்திரிகை, தப்பான முகூர்த்தத்தோடு. பெண்ணின் அப்பா கண்ணாடி கொண்டுவரவில்லை. பத்திரிகையைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்து எழுத்துக் கூட்டிப் படித்தார், அப்புறம் தன் தம்பியிடம் கொடுத்து “நீ பாரு” என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

‘சாஃப்ட் ஸ்கில்’ என்ற பேச்சே அமெரிக்க ராணுவத்தில் பிறந்தது. 1972-இல் இதற்கென்றே ஒரு மாநாடு கூட்டினார்கள். மெஷினைக் கையாளுவது ஒரு வகை, ஆளையும் காகிதத்தையும் கையாளுவது இன்னொரு வகை என்று பிரித்தார்கள். மெஷின் எனக்கு ஒழுங்காகத்தான் ஓடியது.

எந்தப் பொண்ணு வீடு என்று அன்று ஏன் கேட்கவில்லை? கல்லூரியில் எடுத்த பயிற்சி அப்படி. “புரியலை சார்” என்ற ஒருவனிடம் “ப்ளஸ் டூவுல என்ன புடுங்கினே?” என்றார் வாத்தியார். வகுப்பே சிரித்தது, நானும்தான். அதற்கப்புறம் “புரிஞ்சுதா?” என்றால் அறுபது தலையும் ஒன்றாக ஆடும். ஐந்து செமஸ்டர் வாயைத் திறக்கவிடாமல் வளர்த்துவிட்டு, ஆறாவதில் கோட் போட்ட ஒருவரைக் கூட்டிவந்து ‘கம்யூனிகேஷன்’ என்று இரண்டு நாள் ஒர்க்‌ஷாப் போட்டால் என்ன வரும்? “ஐ ஆம் எ பர்ஃபெக்‌ஷனிஸ்ட்” என்று எல்லாப் பிள்ளையும் ஒரே ராகத்தில் ஒப்பிக்க வரும்.

உங்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. இங்கிலீஷ் வராதது குற்றமே இல்லை. ஒரு சொல் புரியாததை மறைக்க அரைமணி நேரம் ஊமையாக உட்கார்ந்திருந்தீர்களே, அதுதான் எரிச்சல்.

18,000 கட்டாதீர்கள். 2022-இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தில் ஆங்கிலமும் வேலைக்கான பயிற்சியும் அரசே தருகிறது. உங்கள் கல்லூரியில் அதற்குப் பொறுப்பானவர் யாரென்று விசாரியுங்கள். ஆமாம், வாயைத் திறந்துதான்.

இவ்வளவு எழுதிய நீங்கள் ‘சம்மரைஸ்’ என்றால் என்ன என்று என்னிடம்கூடக் கேட்கவில்லை, கவனித்தீர்களா? எல்லோரும் பேசியதைச் சுருக்கிச் சொல்வது, தம்பி. அவ்வளவுதான்.