தியானத்துக்கு முன் சங்கல்பம் அவசியமா? ஆன்ம விசாரத்திலும் அது வேண்டுமா?

யோக நித்திரை (படுத்தபடி விழிப்போடு உடலையும் மனதையும் தளர்த்தும் பயிற்சி) வகுப்பில் சங்கல்பம், அதாவது மனதுக்குள் எடுக்கும் உறுதிமொழி, வைத்துப் பழகிவிட்டு, அதன் பிறகு 'நான் யார்' என்று தன்னையே ஆராயும் ஆன்ம விசாரத்தின் பக்கம் வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே படித்ததை அப்படியே இங்கே கொண்டுவந்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

யோக நித்திரையில் சங்கல்பத்துக்கு உரிய இடம் உண்டு. யோக ஆசிரியர் சத்யானந்த சரஸ்வதி வகுத்த முறையில் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே வாக்கியத்தை மனதுக்குள் 3 முறை சொல்ல வேண்டும். வாக்கியம் சின்னதாக இருக்கட்டும். வாரத்துக்கு ஒன்றாக மாற்றாதீர்கள்.

விசாரத்தில் இது எடுபடாது. திருவண்ணாமலையில் விருபாட்ச குகையில் இருந்த ரமண மகரிஷி, அன்பர் சிவப்பிரகாசம் பிள்ளையின் கேள்விகளுக்குப் பேசாமல் எழுதிக் காட்டிய பதில்களே 'நான் யார்?' நூலுக்கு அடிப்படை. விசார நினைவு மற்ற நினைவுகளை எல்லாம் எரித்து, பிணஞ்சுடு தடி (சிதையைக் கிளறும் கோல்) போலத் தானும் எரிந்துவிடும் என்கிறார். 'இன்று மனம் அடங்க வேண்டும்' என்ற எண்ணமும் எரிய வேண்டிய விறகுதான். அதைப் பத்திரமாகக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை 'அடங்கிவிட்டதா?' என்று எட்டிப் பார்ப்பீர்கள். அந்த எட்டிப் பார்ப்பதே அடுத்த நினைவு.

சங்கல்பமே கூடாது என்று சொல்லவில்லை, அதற்காகச் சண்டைக்கு வராதீர்கள். எத்தனை மணிக்கு, எங்கே, எவ்வளவு நேரம் என்பதில் உறுதி வேண்டும். நெடுங்காலம், இடைவிடாமல், மதிப்போடு செய்தால்தான் பயிற்சி வேரூன்றும் என்று யோக சூத்திரத்தில் பதஞ்சலியும் (1.14) சொல்கிறார். 30 நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள். உட்கார்ந்ததும் உறுதியின் வேலை முடிந்தது. முதல் 5 நிமிடம் மூச்சைக் கவனியுங்கள், அடக்க வேண்டாம். பிறகு ஒரு நினைவு எழுந்தால் அதை முடிக்க விடாமல் 'இது யாருக்கு?' என்று பாருங்கள். 'எனக்கு' என்று வரும். அந்த 'நான்' என்ற உணர்விலேயே கவனத்தை நிறுத்துங்கள். 'அடங்க வேண்டும்' என்ற ஆசை எழுந்தாலும் இதே கேள்விதான். கேள்வியை வாயால் உருப்போடுவதில் பயனில்லை. 'நான் யார்' என்பதை 108 தடவை சொல்லவைக்கும் வகுப்புகளைப் பார்க்கும்போது மனசு கொதிக்கிறது. இது ஜபம் இல்லை ஐயா!

இன்னொரு இடறல், மனம் சும்மா ஒடுங்கிக் கிடப்பதை வெற்றி என்று நம்புவது. தூக்கக் கலக்கம் போல இதமாக இருக்கும். எழுந்ததும் பழைய எரிச்சல் எல்லாம் அப்படியே இருக்கும். ரமணர் பாடிய உபதேச உந்தியார் இதை இலயம் (மனம் தற்காலிகமாக ஒடுங்குவது) என்று பிரித்துச் சொல்கிறது. மூச்சை அடக்கினால் மனம் வலையில் பட்ட பறவை போல அடங்கும், ஆனால் இலயித்த மனம் திரும்ப எழும். நாசமான மனம்தான் எழாது. அந்த இதம் வந்தால் உடனே 'இதை அனுபவிப்பது யார்?' என்று கேளுங்கள்.

அவருடைய அடியாரான புலவர் முருகனார் வேண்டியதால் ரமணர் முதலில் தமிழில் பாடிய 30 பாட்டுதான் உபதேச உந்தியார். பிறகுதான் வடமொழியில் உபதேச சாரம் ஆனது. தமிழ் தெரிந்தவர்களே ஆங்கில விளக்கத்தில் தொடங்கி, இலயத்தையும் நாசத்தையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது வேதனையாக இருக்கிறது. 11 முதல் 14 வரையுள்ள பாட்டுகளை மட்டுமாவது தமிழில் படித்துவிட்டு நாளைக்கு உட்காருங்கள்.