பிஎச்டி ஸ்டூடண்ட் செமினார்ல அல்ஜீப்ரா, ஜியோமெட்ரி டாக் குடுக்கணும், என்ன டாபிக் எடுக்கலாம்?

ஒரு மணி நேர டாக், கேக்கறவங்க எல்லாரும் உங்கள மாதிரியே பிஎச்டி பண்றவங்க, ஆனா பாதிப்பேர் அனாலிசிஸ், டோபாலஜி பக்கம், அவங்களுக்கும் புரியற மாதிரி என்ன பேசறதுன்னு கேட்டிருக்கீங்க. நான் சொல்றது இதுதான்: போர்டுலயே முழுசா கணக்கு போட்டு முடிக்கக்கூடிய ஒரே ஒரு எக்ஸாம்பிள் எடுங்க, தியரி அதுலருந்து வரட்டும்.

இந்த மாதிரி டாக் நான் குடுத்தும் இருக்கேன், நிறைய கேட்டும் இருக்கேன். முதல் இருபது நிமிஷம் ஷீஃப், ஸ்கீம், மார்ஃபிசம்னு டெஃபனிஷனாவே போகும், தெரிஞ்சவங்களுக்கு அதுல புதுசா ஒண்ணும் இல்ல, தெரியாதவங்களுக்கு இருபது நிமிஷத்துல மண்டையில ஏறாது, மெயின் தியரம் வர்றதுக்குள்ள நேரம் முடிஞ்சிடும். நல்லா படிச்சு வர்றவங்க டாக்கே இப்படி வீணாகறத பாக்க கஷ்டமா இருக்கும்.

எனக்கு ரொம்பப் புடிச்ச டாபிக் கியூபிக் சர்ஃபேஸ் (மூணாம் டிகிரி ஈக்வேஷன் குடுக்கற பரப்பு) மேல இருக்கற 27 கோடுகள். கணிதவியலாளர்கள் கேலியும் சால்மனும் 1849-ல கண்டுபிடிச்சது. காம்ப்ளெக்ஸ் நம்பர்ஸ் மேல, முப்பரிமாண ப்ரொஜெக்டிவ் ஸ்பேஸ்ல (சாதாரண ஸ்பேஸோட முடிவிலியில இருக்கற புள்ளிகளையும் சேத்தது) எந்த ஸ்மூத் (கூர்முனை, மடிப்பு எதுவும் இல்லாத) கியூபிக் சர்ஃபேஸ எடுத்தாலும் அதுக்குள்ள சரியா 27 நேர்கோடு இருக்கும், கூடவும் இருக்காது குறையவும் குறையாது. ஏன் 27னு யாருக்குமே கேக்கத் தோணும், அந்தக் கேள்விக்கு எந்த முன்னறிவும் வேண்டாம்.

கணக்குக்கு ஃபெர்மா கியூபிக் எடுத்துக்கோங்க, அதாவது நாலு வேரியபிளோட கியூபையும் கூட்டினா பூஜ்யம். நாலையும் ரெண்டு ரெண்டு ஜோடியா பிரிக்க 3 வழி இருக்கு. ஒரு ஜோடியில ரெண்டு கியூபோட கூட்டல் பூஜ்யமாகணும்னா, ஒரு வேரியபிள் இன்னொண்ணோட மைனஸா, கூட 1-ஓட கியூப் ரூட் ஏதாவது ஒண்ணால பெருக்கினதா இருக்கணும், அதுக்கு 3 சாய்ஸ். அடுத்த ஜோடிக்கும் 3, ஆக ஒரு பிரிப்புக்கு 9 கோடு, மொத்தம் 27. வேற கோடு இல்லன்னும் அங்கயே காட்டலாம், ரெண்டு வேரியபிள மத்த ரெண்டோட லீனியர் காம்பினேஷனா எழுதி ஈக்வேஷன்ல போட்டா நாலு கண்டிஷன் வரும், நாலு கோஎஃபிஷியன்டுமே பூஜ்யமில்லன்னு வெச்சா முரண்பாடு வந்துடும், ஏதாவது ஒண்ணு பூஜ்யம்னா ஏற்கனவே எண்ணின கோடுதான் வரும். பத்து நிமிஷ வேலை.

இந்த ஒரு ஈக்வேஷன வெச்சே எவ்ளோ கேள்வி கேக்கலாம் பாருங்க. ரியல் நம்பர்ஸ்ல எத்தன கோடு தெரியும்? ஃபெர்மாவுக்கு வெறும் 3. ஆனா 1871-ல கிளெப்ஷ் குடுத்த டயகனல் சர்ஃபேஸ்ல 27-ம் ரியல்! பொதுவா ஸ்மூத் ரியல் கியூபிக்னா 3, 7, 15, 27 இந்த நாலு எண்ணிக்கைதான் வரும், இது ஷ்லாஃப்லி காட்டினது. கேரக்டரிஸ்டிக் 3, அதாவது 3-ம் பூஜ்யமும் ஒண்ணா இருக்கற ஃபீல்டு (எண் அமைப்பு) ஆனா என்ன ஆகும்? கூட்டல் மொத்தமும் ஒரே லீனியர் ஃபார்மோட கியூபா மாறிடும், ஸ்மூத்னஸ் போயிடும். ஸ்மூத்னு ஏன் சொல்றோம், ஃபீல்டு ஏன் முக்கியம்னு தனியா விளக்க வேண்டியதே இல்ல.

அல்ஜீப்ரா இதுக்கப்புறம்தான் வருது. ஒவ்வொரு கோடும் மத்ததுல 10 கோட வெட்டும். யார் யார வெட்டறாங்கங்கற அமைப்பு மாறாம 27 கோட்டையும் எத்தன விதமா இடம் மாத்தலாம்? 51,840 விதமா, அந்த குரூப்தான் ஈ6-ங்கற ரூட் சிஸ்டத்தோட (ரொம்ப சிமெட்ரியான ஒரு வெக்டர் கூட்டம்) வைல் குரூப், அதாவது அதோட பிரதிபலிப்புகள்லருந்து வர்ற குரூப். ஆனா ஃபெர்மா சர்ஃபேஸோட சொந்த சிமெட்ரி 648 மட்டும்தான், வேரியபிள்கள இடம் மாத்தறது 24, கியூப் ரூட்டால பெருக்கறது 27. மிச்ச பர்முட்டேஷன் எங்கருந்து வருதுன்னு கேட்டு ஒரு நிமிஷம் விடுங்க. சர்ஃபேஸையே மெதுவா மாத்தி, ஸ்மூத்தாவே வெச்சு ஒரு சுத்து சுத்தி அதே இடத்துக்கு வந்தா கோடுகள் இடம் மாறி நிக்கும், அதான் மோனோட்ரமி, எல்லாச் சுத்தையும் சேத்தா முழு 51,840-ம் கிடைக்கும். கவரிங் ஸ்பேஸ் தெரிஞ்ச டோபாலஜி ஆளுங்க இந்த இடத்த புடிச்சுக்குவாங்க. இத ப்ரூஃப் பண்ண வேண்டாம், ஸ்டேட்மென்ட் மட்டும் தெளிவா எழுதுங்க.

கோடு புடிக்கலன்னா எலிப்டிக் கர்வ் மேல புள்ளிகள கூட்டற குரூப் லா எடுக்கலாம், இல்ல க்விவர் (அம்புக்குறி போட்ட கிராஃப்) ரெப்ரசென்டேஷனும், எந்தெந்த க்விவருக்கு பிரிக்க முடியாத ரெப்ரசென்டேஷன் எண்ணி முடியும்னு சொல்ற, 1972-ல வந்த கேப்ரியல் தியரமும், அதுலயும் இதே ஈ6 வேற வேஷத்துல வரும். கர்வ் மேல இருக்கற ஃபங்ஷன்கள எண்ண உதவற ரீமான்-ராக் நல்ல தியரம்தான், ஆனா ஒரு மணி நேரத்துல ஸ்டேட்மென்ட் சொல்றதுக்கே பாதி போயிடும், நான் எடுக்க மாட்டேன்.

தயாரிப்ப பொறுத்தவரை, ஸ்லைடு வேண்டாம், போர்டுல எழுதுங்க, அந்த வேகம்தான் கேக்கறவங்களுக்கு சரியா இருக்கும். ஃபெர்மா கணக்க நோட்ஸ் பாக்காம எழுத வர்ற வரைக்கும் போட்டுப் பாருங்க. நேரம் பத்தலன்னா எத வெட்டறதுன்னு முன்னாடியே முடிவு பண்ணுங்க, நான் ரியல் கோடு கதையத்தான் வெட்டுவேன், மோனோட்ரமிய விட மாட்டேன். பதில் தெரியாத கேள்வி வந்தா போர்டு ஓரத்துல எழுதி வெச்சுட்டு மேல போங்க, டாக் முடிஞ்சதும் கேட்டவரோட உக்காந்து அத யோசிக்கலாம், எனக்கு அப்படி நடந்த பேச்சுலதான் நிறைய கத்துக்கக் கிடைச்சுது.