பாட்டிக்குச் சீரியல், பில் எவ்வளவு?

கேபிள் டிவி பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் வந்த கேள்விகளில் பாதி ஒன்றேதான்: ஆகக் குறைந்த விலையில் தமிழ்ச் சேனல் கிடைக்க எதை எடுப்பது? வீடு வீடாகப் போய் டிவி இணைப்புக் கொடுத்தே தலை நரைத்தவன் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. நாம் இன்னும் ‘கேபிள்’ என்கிறோமே தவிர, சிங்கப்பூரில் பழைய கேபிள் கம்பி 2019 செப்டம்பரோடு ஓய்ந்துவிட்டது. ஸ்டார்ஹப் நிறுவனம் ஃபைபருக்கு, அதாவது கண்ணாடி இழை இணைப்புக்கு, மாறியது. இன்னொரு நிறுவனமான சிங்டெல் 2007-ல் டிவி தொடங்கியபோதே இணைய வழியில்தான் வந்தது. சுவரில் இருக்கும் அந்தப் பழைய வட்டத் துளையைப் பார்த்து ‘இதில் மாட்டலாமா?’ என்று கேட்காதீர்கள். அதன் காலம் முடிந்தது.

அம்மாவுக்கு 74 வயது, எங்களோடு அங் மோ கியோவில் இருக்கிறார். மாலை நேரத் தமிழ் சீரியல் மட்டும் போதும். அறுபது சேனல் உள்ள பேக்கேஜ்தான் மலிவு என்கிறார் கடைக்காரர். எடுக்கலாமா?

எடுக்க வேண்டாம், குறைந்தது இன்றைக்கு வேண்டாம். ஒரு வாரம் அம்மா பக்கத்தில் ஒரு காகிதம் வையுங்கள். எந்தச் சேனல், எத்தனை மணி, எந்த நிகழ்ச்சி என்று குறித்துக்கொள்ளுங்கள். நான் போகும் வீடுகளில் பெரும்பாலும் அந்தக் காகிதத்தில் மூன்று சேனலுக்கு மேல் வராது. அந்த மூன்றும் எந்தப் பேக்கில் இருக்கின்றன என்று பாருங்கள். விற்பவர் எண்ணிக்கையைச் சொல்வார், நீங்கள் பெயரைக் கேளுங்கள். ‘தமிழ்ச் சேனல்கள் உண்டு’ என்ற பதிலை ஏற்றுக்கொள்ளாதீர்கள். சன் டிவி உண்டா, விஜய் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். செய்தி, பாட்டு, படம் எல்லாம் தனித்தனிப் பேக்காகப் பிரிந்திருப்பதும் உண்டு.

அடுத்தது கணக்கு. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் விலையை அப்படியே நம்ப வேண்டாம். ஓர் எடுத்துக்காட்டு: முதல் ஆறு மாதம் இலவசம், பிறகு மாதம் 30 வெள்ளி, 24 மாத ஒப்பந்தம் என்று வைத்துக்கொள்வோம். 18 மாதத்துக்கு 540 வெள்ளி. 24-ஆல் வகுத்தால் மாதம் 22.50. இன்னொரு நிறுவனம் இலவசம் எதுவும் இல்லாமல் மாதம் 20 என்றால் மொத்தம் 480. ‘ஆறு மாதம் இலவசம்’ கேட்க இனிப்பாக இருக்கும், ஆனால் இரண்டாவதுதான் 60 வெள்ளி மலிவு. இதோடு பாக்ஸ் வாடகை, இணைப்புக் கட்டணம், இரண்டாவது டிவி இருந்தால் அதற்கான பாக்ஸ் எல்லாவற்றையும் கூட்டுங்கள். சொல்லும் விலையில் 9 விழுக்காடு பொருள் சேவை வரி அடங்கியிருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். 24 மாதத்துக்கும் சேர்த்து மொத்தம் எவ்வளவு, இந்த ஒரே எண்தான் உங்களுக்கு வேண்டியது.

இன்னொரு விஷயம். அம்மாவுக்கு ரிமோட்டில் சேனல் எண்ணை அழுத்திப் பழக்கமா, செயலியில் தேடிப் பழக்கமா? முதல் வகை என்றால் பாக்ஸ் எடுப்பதுதான் நல்லது. கைப்பேசி பழகியவர் என்றால் சன் நெக்ஸ்ட், ஜீ5 போன்ற செயலிகளின் ஆண்டுச் சந்தாவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பல வீடுகளில் அது பேக்கேஜை விடக் குறைவாக வருகிறது. ஆனால் ஸ்மார்ட் டிவியில் திரை உறைந்து நின்றால் அம்மாவுக்கு யார் சரிசெய்து கொடுப்பது என்பதையும் யோசியுங்கள். மருமகள் வேலையில் இருக்கும் நேரத்தில்தான் அது உறையும்!

கேபிளை நிறுத்திவிட்டால் உள்ளூர்த் தமிழ்ச் சேனலான வசந்தமும் போய்விடுமா?

போகாது. இது தெரியாமலேயே பல வீடுகள் மாதாமாதம் பணம் கட்டுகின்றன. வசந்தம், சேனல் 5, சேனல் 8, சேனல் யு, சூரியா, சிஎன்ஏ ஆறும் இலவசமாகக் காற்றில் வருபவை. 2019 தொடக்கத்தில் பழைய அனலாக் ஒளிபரப்பு நின்றது, இப்போது எல்லாம் டிஜிட்டல்தான். டிவியில் டிஜிட்டல் ஒளிபரப்பைப் பிடிக்கும் டிவிபி-டி2 என்ற வசதி இருந்தால் உள்ளே வைக்கும் ஒரு சிறிய ஆன்டெனா போதும். இல்லாவிட்டால் அதற்குத் தனி டிஜிட்டல் பாக்ஸ் வேண்டும், ஒரு தடவைச் செலவுதான்.

ஆன்டெனாவை டிவிக்குப் பின்னால் செருகி மறைத்துவிடுவார்கள். அங்கேதான் பிரச்சினை ஆரம்பிக்கும். ஜன்னல் பக்கம், உலோகக் கதவு இல்லாத இடமாகப் பார்த்து வைத்து, மெனுவில் சேனல் தேடலை ஓட விடுங்கள். படம் கட்டம் கட்டமாக உடைந்தால் ஆன்டெனாவை ஓரடி நகர்த்தி மறுபடியும் தேடுங்கள். ஈசூனில் ஒரு வீட்டில் இப்படி ஏழு இடம் மாற்றி, கடைசியில் துணி காயும் ஜன்னலோரத்தில்தான் சரிவந்தது.

சந்தாவை நிறுத்திய மறுநாள் ‘டிவி செத்துவிட்டது’ என்று எனக்கு அழைப்பு வரும். டிவி சாகவில்லை. ரிமோட்டில் உள்ளீட்டை, பழைய பாக்ஸ் மாட்டியிருந்த எச்டிஎம்ஐ-யிலிருந்து டிவி அல்லது ஆன்டெனா என்பதற்கு மாற்றுங்கள், அவ்வளவுதான். வசந்தத்தின் பழைய நிகழ்ச்சிகளை மீவாட்ச் செயலியிலும் இலவசமாகப் பார்க்கலாம்.

தொலைக்காட்சி உரிமக் கட்டணம் இன்னும் இருக்கிறதா?

இல்லை. ஆண்டுக்கு 110 வெள்ளி கட்டிவந்தோம், 2011-ல் அதை எடுத்துவிட்டார்கள். யாராவது இப்போது அந்தப் பெயரில் பணம் கேட்டால் கதவைச் சாத்துங்கள்.

எஸ் பாஸ் வேலை அனுமதியில் இருக்கிறேன், மூன்று நண்பர்களோடு உட்லண்ட்ஸில் வாடகை வீடு. இரண்டு வருடக் காண்ட்ராக்ட் போடலாமா?

வேண்டாம் தம்பி. யார் பெயரில் ஒப்பந்தமோ அவர்தான் கடைசிவரை பொறுப்பு. ஒருவர் ஊருக்குப் போய்விட்டால் மற்ற மூவரும் ‘அது அவன் பெயரில் இருக்கு’ என்பார்கள். நடுவில் முறித்தால் மீதி மாதக் கட்டணத்தின் பெரும்பகுதியைக் கேட்பார்கள். மாதா மாதம் நிறுத்திக்கொள்ளும் திட்டம் சற்று விலை கூடுதலாக இருந்தாலும் உங்களுக்கு அதுதான் மலிவு. வீட்டுக்காரரிடம் ஏற்கனவே இணையம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் செயலியே போதும். ஆளுக்கொரு கணக்கு எடுக்காதீர்கள், நான்கு பேர் சேர்ந்து ஒன்று எடுங்கள். ஒரே நேரத்தில் எத்தனை திரையில் பார்க்கலாம் என்பதை மட்டும் முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரு கடையில் 200 வெள்ளிக்கு ஒரு பாக்ஸ், வாழ்நாள் முழுக்க எல்லாச் சேனலும் என்கிறார்கள். உண்மையா?

‘வாழ்நாள்’ யாருடையது என்று கேட்டீர்களா? அனுமதி இல்லாமல் சேனல்களைத் திருட்டுத்தனமாகக் கொடுக்கும் பாக்ஸ்தான் அது. 2021 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த பதிப்புரிமைச் சட்டத்தின்படி இப்படிப்பட்ட பாக்ஸை விற்பது குற்றம். தனிநபருக்கு 100,000 வெள்ளி வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை. 2022 அக்டோபரில் சிம் லிம் சதுக்கக் கடைத்தொகுதியில் நடந்த சோதனையில் 17 பேர் பிடிபட்டார்கள். நீங்கள் வாங்கிய பாக்ஸ் ஒரு தீபாவளி அன்று காலையில் நின்றுபோனால் எங்கே போய்ப் புகார் செய்வீர்கள்? வாங்காதீர்கள்.

கையெழுத்துப் போட்டு எட்டாவது மாதம், நாங்கள் பார்க்கும் சேனலையே எடுத்துவிட்டார்கள். பேக்கேஜ் விலை மட்டும் அப்படியே இருக்கிறது. என்ன செய்வது?

உங்களுக்குப் பிடி இருக்கிறது. ஒப்பந்தக் காலத்தில் நிறுவனம் தானாக விலையை ஏற்றினாலோ, முக்கியமான சேனல்களை எடுத்துவிட்டாலோ, அபராதம் கட்டாமல் வெளியேறும் வழியைத் தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம், அதாவது ஐஎம்டிஏ, வைத்திருக்கிறது. எந்தச் சேனல், எந்தத் தேதியில் போனது என்று குறிப்பிட்டு மின்னஞ்சலில் கேளுங்கள். தொலைபேசியில் பேசினால் ‘பார்க்கிறோம் சார்’ என்ற பதிலோடு முடிந்துவிடும். நிறுவனத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால் தொலைத்தொடர்பு, ஊடகச் சேவைத் தகராறுகளுக்காக 2022 முதல் ஒரு சமரசத் திட்டம் இருக்கிறது, சிங்கப்பூர் சமரச நிலையம் நடத்துகிறது.

கணவருக்கு இங்கிலீஷ் பிரிமியர் லீக், எனக்குச் சீரியல். ஒரே பேக்கேஜில் எடுப்பதா?

கூடுமானவரை பிரித்து வையுங்கள். 2022-லிருந்து ஆறு பருவத்துக்கு ஸ்டார்ஹப்பிடம் அந்த ஆட்டங்களின் உரிமை இருக்கிறது. மே மாதக் கடைசியில் பருவம் முடிந்தால் ஆகஸ்ட் வரை ஆட்டமே இல்லை. அந்த மாதங்களுக்கும் சேர்த்துக் கட்டுகிறோமா என்று பாருங்கள். அவர் கேட்கும் பேக்கை அவர் பில்லிலேயே போடச் சொல்லுங்கள், சண்டையும் மிச்சம்.

ஒப்பந்தம் முடிகிறது. எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

முடியும் தேதியைக் கைப்பேசியில் ஒரு மாதம் முன்னதாகவே நினைவூட்டலாகப் போட்டு வையுங்கள். 25-வது மாதத்தில் தள்ளுபடி போய், சாதாரண விலை தானாக வந்து உட்கார்ந்துவிடும். நீங்களாகக் கூப்பிட்டு நிறுத்தும்வரை அது நிற்காது. இணையமும் டிவியும் ஒரே நிறுவனம் என்றால் இரண்டின் தேதியும் வேறாக இருக்கலாம், இரண்டையும் குறியுங்கள். ‘நிறுத்தப் போகிறேன்’ என்று சொன்ன பிறகு வரும் சலுகைதான் பெரும்பாலும் உண்மையான சலுகை. ஆனால் அதற்கு மறுபடியும் 24 மாதம் கட்டிப்போடுவார்களா என்று கேட்காமல் சரி சொல்லாதீர்கள்.

பாக்ஸைத் திருப்பிக் கொடுக்கும்போது ரிமோட், மின் அடாப்டர், எச்டிஎம்ஐ கம்பி எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்து ரசீது வாங்குங்கள். எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கும் நானே ஒரு முறை ரசீது இல்லாமல் வந்துவிட்டேன். மூன்று மாதம் கழித்து ‘அடாப்டர் வரவில்லை’ என்று ஒரு பில் வந்தது. அடாப்டர் கொடுத்தேன் என்று எத்தனை தடவை சொன்னாலும் ‘ரசீது இருக்கிறதா?’ என்றே கேட்டார்கள். கடைசியில் கட்டினேன்.